தண்ணீர் வார்த்த மாமி

ஒக்டோபர் கடைசியில் எங்கள் கோயில் அலுவலக மேசையில் ஒரு நீளக் கொப்பி வந்துவிடும். நவம்பர் மாதப் பூசைகளில் நினைக்க வேண்டிய ஆத்துமாக்களின் பெயர்களைச் சனம் வந்து அதில் எழுதிவிட்டுப் போகும். போன வருடம் நான் ஆறு பெயர் எழுதினேன். ஐந்து பெயர் எங்கள் சொந்தம். ஆறாவது பெயரைப் பார்த்ததும், கொப்பிக்குப் பொறுப்பாக இருந்த தம்பி நிமிர்ந்தார்.

"அண்ணை, இவவின்ர ஞானஸ்நானப் பெயர் என்ன?"

"அவ சைவம், தம்பி."

பேனையைக் கீழே வைத்தார். "சைவ ஆக்களுக்கும் பூசை ஒப்புக்கொடுக்கலாமோ?"

அவர் கேட்டதில் பிழை இல்லை. அதே கேள்வியை இன்னும் பெரிதாக, இன்னும் பயத்தோடு, என் எட்டு வயதிலிருந்து நான் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன். அதனால் இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

1990 ஜூன். சண்டை மறுபடி தொடங்கிய நாட்கள். பொழுதுபட்டால் திருகோணமலையில் ஊரடங்கு. அப்பா வேலைக்குப் போன இடத்திலேயே மாட்டிக்கொண்டார். அம்மம்மா பாலையூற்றில், சித்தி வீட்டில். வீட்டில் அம்மாவும் ஏழு வயது நானும்தான். அம்மாவின் வயிற்றில் எட்டு மாதத்தில் தம்பி. இரவு ஒன்பது மணிபோல வலி வந்தது. அம்மா என்னை வேலிப் பொட்டுக்குள்ளால் பக்கத்து வளவுக்கு அனுப்பினார். மாமி அரிக்கன் லாம்போடும் ஒரு கட்டு வெள்ளைத் துணியோடும் வந்தார். அவர் மருத்துவிச்சி அல்ல. ஆனால் ஐந்து பிள்ளை பெற்றவர், அக்கம்பக்கத்தில் நாலைந்து பிள்ளைப்பேறும் பார்த்தவர்.

நடுச்சாமம் கழிந்து தம்பி பிறந்தான். அழவில்லை, முனகினான். அம்மாவுக்கு இரத்தம் நிற்கவில்லை, தலையைத் தூக்கவும் முடியவில்லை. அந்த நிலையில் அம்மா சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"மாமி, தண்ணி எடுங்கோ. பிள்ளையின்ர தலையில வாருங்கோ. நான் சொல்லுறதைச் சொல்லுங்கோ."

"நான் செய்யலாமோ, பிள்ளை? நான் சைவமெல்லோ?"

"செய்யலாம். வாருங்கோ, மாமி."

மாமி கையை இன்னொரு முறை கழுவினார். குசினியில் மண்பானைக்குள் இருந்த தண்ணீரைச் செம்பில் மொண்டு வந்தார். சப்பாணி கட்டி இருந்து, சேலைத் தலைப்பை மடியில் விரித்து, அதில் தம்பியைக் கிடத்தினார். இடக் கையால் பிடரியைத் தாங்கிக்கொண்டு வலக் கையால் மூன்று முறை வார்த்தார். அம்மா சொல்லச் சொல்ல, பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னார். பழக்கமில்லாத சொற்கள், ஆனபடியால் மெதுவாகத்தான் வந்தன. பிறகு அதே தலைப்பால் அவன் தலையைத் துடைத்தார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விடியமுன் தம்பி போய்விட்டான்.

மறுநாள் ஊரடங்கு தளர்த்திய இரண்டு மணித்தியாலத்துக்குள் சுவாமி சைக்கிளில் வந்தார். மாமியை இருக்கச் சொல்லி மூன்று விஷயம் கேட்டார். என்ன வார்த்தீர்கள், என்ன சொன்னீர்கள், என்ன நினைத்துச் செய்தீர்கள்? மூன்றாவதுக்கு மாமி, "அந்தப் பிள்ளைக்கு உங்கட கோயில் என்ன குடுக்குமோ அது கிடைக்கட்டும் எண்டு நினைச்சன்" என்றார்.

"காணும், அம்மா" என்றார் சுவாமி.

தம்பியின் பெயர் ஞானஸ்நானப் புத்தகத்தில் ஏறியது. வெள்ளைப் பெட்டியில் வைத்து, மணி அடித்து, சேமக்காலையில் அடக்கம் செய்தோம். ஞானஸ்நானம் பெற்ற கைக்குழந்தை செத்தால் நேரே மோட்சம். அதில் கத்தோலிக்கருக்குச் சந்தேகமே இல்லை. மோட்சத்துக்கு முன் ஆத்துமா சுத்தமாகும் உத்தரிக்கிற ஸ்தலமும் இல்லை, காத்திருப்பும் இல்லை.

அடுத்த வருடம், முதல்முறை நற்கருணை வாங்க ஆயத்தப்படுத்தும் முதல்நன்மை வகுப்புக்குப் போனேன். அங்கே படிப்பித்தவர் மோட்சம், நரகம், உத்தரிக்கிற ஸ்தலம் மூன்றையும் கரும்பலகையில் மேலே, கீழே, நடுவே என்று கீறினார். ஞானஸ்நானம் இல்லாதவர்களுக்கு மேலே வாசல் இல்லை என்றார். நான் எழும்பி, தம்பிக்குத் தண்ணீர் வார்த்த மாமிக்கு என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "அவவுக்கும் இல்லை, அப்பு. பிள்ளைக்குக் கிடைக்கும், அவவுக்குக் கிடையாது" என்றார்.

அன்று மத்தியானம் மாமி விறாந்தையில் பாய் போட்டுப் படுத்திருந்தார். நான் வீட்டிலிருந்து அதே செம்பில் தண்ணீர் கொண்டு போனேன். சொற்கள் எனக்கு மனப்பாடம். நெற்றியில் வார்த்தேன். திருநீறு கரைந்து காதுப்பக்கம் வழிந்தது. மாமி திடுக்கிட்டு எழும்பினார். என்னை ஏசவில்லை. என் முகத்தைப் பார்த்தவுடன் ஏசக்கூடிய விஷயம் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் அழுதழுது எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னை இழுத்துப் பக்கத்தில் இருத்தி, "அங்க என்னை மறிச்சால் உன்ர தம்பி வந்து திறந்துவிடுவான்தானே, ஏன் அழுறாய்?" என்றார்.

நான் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்பது பிறகுதான் தெரிந்தது. வயது வந்தவர் தானாக விரும்பிக் கேட்க வேண்டும். திருச்சபை அதில் கண்டிப்பு. அந்தக் கண்டிப்பை நான் மதிக்கிறேன். மாமியின் மனதைக் கேட்காமல் மாமியை மோட்சத்துக்குக் கொண்டுபோக ஆருக்கும் உரிமை இல்லை.

அந்த ஆசிரியரையும் நான் குறை சொல்லமாட்டேன். தனக்குப் படிப்பித்ததைத்தான் அவர் எனக்குச் சொன்னார். அவருக்குப் படிப்பித்தவர்களின் பாடம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனபோது ஒரு விஷயத்தில் கண் நின்றுவிட்டது. 1439இல் புளோரன்ஸ் நகரத்தில் கூடிய திருச்சபையின் பொதுச்சங்கம் ஆர்மீனியருக்கு எழுதிய ஆணையில், அவசரத்தில் குருவானவர் மட்டுமல்ல, சாதாரண ஆணோ பெண்ணோ, கிறிஸ்தவர் அல்லாதவர்கூட ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சொன்னது. திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் இருந்தால் போதும். பள்ளிக்கூடத்தில் என் அம்மாவுக்குக் கன்னியாஸ்திரி சொல்லிக் கொடுத்ததும், சுவாமியின் மூன்றாவது கேள்வியும் இதுதான். அதே பொதுச்சங்கம் 1442இல் இன்னொரு ஆணை வெளியிட்டது. சாகுமுன் திருச்சபையில் வந்து சேராத யூதரும் மற்ற மதத்தவரும் நித்திய நெருப்புக்குத்தான் போவார்கள் என்றது. இரண்டுக்கும் இடையில் மூன்று வருடம்கூட முழுதாக இல்லை. மாமியின் கை மோட்சக் கதவைத் திறக்கும், மாமி உள்ளே போகமாட்டார். என் வகுப்பு ஆசிரியர் ஒரே மூச்சில் சொன்னது அந்த இரண்டு ஆணையையும்தான்.

அந்த மனிதர்கள் கல்நெஞ்சக்காரர் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்த உலகம் சின்னது. நற்செய்தி எல்லா இடத்துக்கும் போய்விட்டது, இன்னும் வராதவர்கள் வேண்டுமென்றே மறுத்தவர்கள் என்று நினைத்தார்கள். "திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை" என்ற வசனத்தை 3ஆம் நூற்றாண்டில் சொன்ன கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானும் எங்கள் திருகோணமலையின் கன்னியாவையோ கோணேசர் மலையையோ நினைத்துச் சொல்லவில்லை. திருச்சபையிலிருந்து பிரிந்து போனவர்களைப் பற்றிய சண்டையில் சொன்னது அது. புளோரன்சுக்கு 50 வருடம் கழித்து 1492இல் கொலம்பஸ் கப்பல் ஏறினார். இயேசுவின் பெயரையே கேள்விப்படாத கண்டங்கள் இருப்பது அதற்குப் பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

இந்தக் கேள்வியை முதலில் நேருக்கு நேர் சந்தித்தவர்களில் ஒருவர் எங்கள் கரைகளில் நடந்த மனிதர். புனித பிரான்சிஸ் சவேரியார். முத்துக்குளித்துறைக்காரரும் மன்னார்க்காரரும் அவரைத் தங்கள் சொந்தமாகவே நினைக்கிறார்கள். அவர் 1549இல் ஜப்பானுக்குப் போனார். அங்கே கிறிஸ்தவரானவர்கள், செத்துப்போன தங்கள் தாய் தகப்பன் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். நரகத்துக்குப் போனவர்களுக்கு மீட்சி இல்லை என்று சவேரியார் சொல்ல, அவர்கள் அழுதார்கள். 1552இல் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அந்த அழுகையை அவரே எழுதியிருக்கிறார், அதைப் பார்த்துத் தனக்கும் மனம் வருந்தியது என்று. புனிதர் ஒருவர் தான் படித்த பாடத்தின் முன்னால் கண்கலங்கி நிற்கும் அந்தப் பக்கத்தை நான் பல தடவை வாசித்திருக்கிறேன். ஜப்பானில் அழுதவர்கள் கேட்டதைத்தான் நானும் கரும்பலகைக்கு முன்னால் நின்று கேட்டேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திரெந்து பொதுச்சங்கம் 1547இல் ஞானஸ்நானம் அல்லது அதற்கான ஆசை என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னது. 1863இல் பாப்பரசர் 9ஆம் பத்திநாதர், தன் குற்றமில்லாமல் அறியாதிருப்பவரைக் கடவுள் நித்திய தண்டனைக்கு விடமாட்டார் என்று எழுதினார். அமெரிக்காவில் பொஸ்டன் நகரத்தில் லியோனார்ட் பீனி என்ற குருவானவர், கத்தோலிக்கர் அல்லாத எவருக்கும் மீட்பே இல்லை என்று விடாப்பிடியாகப் போதித்தார். 1949இல் ரோமாபுரி அந்தப் போதனை பிழை என்று கடிதம் எழுதியது. அவரை விளங்கப்படுத்த அழைத்தபோது போகாததால் 1953இல் திருச்சபையிலிருந்தே விலக்கப்பட்டார். கடைசியில் 1972இல் சமாதானமானார். எனக்கு முதல்நன்மை வகுப்பில் சொல்லித் தந்ததும் ஏறக்குறைய அவருடைய பாடம்தான். நான் பிறப்பதற்கு 30 வருடம் முன்பே ரோமாபுரி அதை விலக்கிவிட்டது, ஆனால் அந்தச் செய்தி எங்கள் வகுப்பறைக்கு வந்து சேரவில்லை.

1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இன்னும் தெளிவாகச் சொன்னது. தன் குற்றமின்றிக் கிறிஸ்துவின் நற்செய்தியை அறியாமல், நேர்மையான மனதோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சியின் குரலில் அவருடைய விருப்பத்தைக் கேட்டு நடப்பவர்கள் நித்திய மீட்பை அடையலாம். "அடைவார்கள்" என்று சொல்லவில்லை, "அடையலாம்" என்றுதான் சொன்னது. அந்த ஒரு சொல்லை நான் மறைத்துவிட்டு எழுத விரும்பவில்லை. அடையும் எவரும் கிறிஸ்துவின் அருளால்தான் அடைகிறார் என்பதையும் திருச்சபை விடவில்லை. நானும் அதை விசுவசிக்கிறேன். மாமி அதை ஏற்றிருக்கமாட்டார். நாங்கள் அதைப் பற்றிச் சண்டை பிடித்ததில்லை.

அம்மம்மாவின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். 1950களில் அவருடைய தலைப்பிள்ளை ஞானஸ்நானம் கொடுக்கமுன் செத்துவிட்டது. மணி அடிக்கவில்லை. சேமக்காலை வேலிக்கு வெளியே ஒரு மூலையில் தாத்தா தானே கிடங்கு வெட்டித் தாட்டார். அப்படிப்பட்ட குழந்தைகள் லிம்போவில் இருக்கும், வேதனையும் இல்லை, கடவுளைக் காணவும் முடியாது என்று சொல்லிக்கொடுத்த காலம் அது. லிம்போ ஒருநாளும் விசுவாச சத்தியமாக அறிவிக்கப்படவில்லை, அது இறையியலாளரின் ஊகம் மட்டுமே. ஆனால் வேலிக்கு வெளியே பிள்ளையைத் தாட்ட தாய்க்கு ஊகம் என்ன, சத்தியம் என்ன?

1992இல் வந்த மறைக்கல்வி நூல், அந்தக் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கச் சொன்னது. கடவுள் மீட்பை ஞானஸ்நானத்தோடு கட்டினார், ஆனால் தன்னைத் தன் அருட்சாதனங்களுக்குள் கட்டிப்போடவில்லை என்ற வரியும் அதே நூலில்தான் இருக்கிறது. 2007இல் வத்திக்கானின் சர்வதேச இறையியல் ஆணைக்குழு, ஞானஸ்நானமின்றி இறக்கும் குழந்தைகள் மோட்சம் அடைவார்கள் என்று நம்பப் பலமான காரணங்கள் உண்டு என்று எழுதியது. அதன் சாரத்தைத் தமிழில் அம்மம்மாவுக்குச் சொன்னேன். கண் தெரியாமல் போயிருந்தது, காது நன்றாகக் கேட்கும். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப அந்த வேலியை எடுப்பினமோ?" என்றார்.

வேலி எப்போதோ போய்விட்டது. பிறகு மதில் கட்டியபோது அந்த மூலையையும் உள்ளே சேர்த்துத்தான் கட்டியிருந்தார்கள். எந்தச் சுவாமி சொன்னார், எந்த மேசன் நூல் பிடித்தார் என்று எனக்குத் தெரியாது. அம்மம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் மதிலைத் தொட்டுக் காட்டினேன். அவர் மதிலின் உட்பக்கத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டே மூலைவரைக்கும் நடந்தார்.

மாமி வெள்ளிக்கிழமைகளில் என்னைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவார். கோட்டை வாசலுக்குள்ளால் போக வேண்டும். உள்ளே புள்ளிமான்கள் மேயும். மாமி கச்சான் வாங்கி என் கையில் தருவார், பாதி எனக்கு, பாதி மானுக்கு. அந்த வாசலிலே ஒரு கல்வெட்டு இருக்கிறது. முன்னே குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிப்பான் என்று. போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை உடைத்து, அந்தக் கல்லாலேயே கோட்டையைக் கட்டினார்கள். உடைத்தவர்கள் எல்லாரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். பூசை கண்டவர்கள், என்னுடைய வேதக்காரர். அவர்களில் ஒருவனையும் நரகத்தில் வைக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அதே வத்திக்கான் சங்கம், அன்பில் நிலைத்திராதவன் திருச்சபைக்குள் உடலால் இருந்தும் உள்ளத்தால் இல்லை, அவன் மீட்படைவதில்லை என்று எழுதியிருப்பதை நான் அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் நினைக்கிறேன். மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கேட்கும் கேள்விகளில் ஞானஸ்நானப் புத்தகம் பற்றி ஒன்றும் இல்லை. பசித்தேன், தாகமாயிருந்தேன், அந்நியனாயிருந்தேன் என்றுதான் இருக்கிறது.

இப்படியெல்லாம் சொல்வதால், எல்லாரும் மோட்சம்தான், நரகம் வெறும் பயமுறுத்தல் என்று சொல்ல வருகிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் பங்கில் ஒரு அம்மா இருக்கிறார். மகனைக் கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. செபமாலையில் ஒவ்வொரு பத்துமணி முடிவிலும் பாத்திமா செபம் சொல்வோம், "எல்லாரையும் விண்ணகப் பாதையில் நடத்தியருளும்" என்று. அந்த இடத்தில் அவர் வாய் மூடிக்கொள்வார். பக்கத்தில் முழந்தாளில் இருந்து நான் பல வருடம் கவனித்திருக்கிறேன். நரகம் இல்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வராது. பாப்பரசர் 16ஆம் ஆசீர்வாதப்பர் 2007இல் எழுதிய சுற்றுமடலில், தீமை செய்தவர்கள் ஒன்றுமே நடக்காததுபோலத் தாங்கள் வதைத்தவர்களோடு ஒரே பந்தியில் குந்தமாட்டார்கள் என்று எழுதினார். அந்த அம்மாவுக்காகவே எழுதியதுபோல இருந்தது. நரகம் வெறுமையாக இருக்கும் என்று நினைக்க விரும்புகிறேன் என்று பிரான்சிஸ் பாப்பரசர் 2024 ஜனவரியில் சொன்னபோது, அது தன் சொந்த எண்ணம், விசுவாச சத்தியம் அல்ல என்றும் சேர்த்துத்தான் சொன்னார். நான் இரண்டு பேருடைய சொல்லையும் வைத்திருக்கிறேன். ஒன்றை விட்டால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது, மற்றதை விட்டால் செபத்தை முடிக்க முடியாது.

ஆனால் ஒன்று நிச்சயம். திருச்சபை ஆயிரக்கணக்கானவர்களைப் பெயர் சொல்லிப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது. இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரையும் பெயர் சொல்லி அறிவித்ததில்லை, யூதாசைக்கூட. கரும்பலகையில் கீழே பெயர் எழுதும் வேலையைத் திருச்சபையே செய்யவில்லை. நாங்கள் ஏன் செய்தோம்?

ஒவ்வொரு நவம்பர் 2ஆம் திகதியும் மாமி சேமக்காலைக்கு வருவார். ஒரு பொட்டலம் மெழுகுதிரி, வீட்டில் பிடுங்கிய நித்தியகல்யாணிப் பூ. தம்பியின் சின்னக் கல்லறையில் தன் கையால்தான் திரி கொளுத்த வேண்டும். "நான் தண்ணி வார்த்த பிள்ளை" என்று பக்கத்தில் நிற்பவர்களிடம் சொல்வார். முழங்கால் நோவந்த பிறகும் ஆட்டோவில் வந்தார்.

மாமி போய் ஏழு வருடம். 31ஆம் நாள் காரியத்துக்குக் கன்னியா வெந்நீரூற்றுக்கு அவருடைய மகனோடு நானும் போனேன். இராவணன் தன் தாயின் கடனைச் செய்ய உண்டாக்கிய கிணறுகள் என்று சனம் சொல்லும் இடம். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. தலை மழித்த மகன் ஒவ்வொரு கிணறாக வாளியில் அள்ளி வார்த்தபோது, என் கையிலும் ஒரு வாளியைத் தந்து, "நீயும் வார், அம்மாவுக்கு நீயும் பிள்ளைதான்" என்றான். வார்த்தேன். மனதுக்குள் எனக்குத் தெரிந்த செபத்தைச் சொன்னேன். நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே.

இதைத்தான் கொப்பித் தம்பிக்குச் சொல்ல நினைத்தேன், நேரம் இல்லை, பின்னால் ஆட்கள் நின்றார்கள். "திருச்சபைச் சட்டம் 901ஐப் பாருங்கோ, உயிரோட இருக்கிறவர், செத்தவர் ஆருக்காகவும் குருவானவர் பூசை ஒப்புக்கொடுக்கலாம்" என்று மட்டும் சொன்னேன். அவர் உள்ளே போய்ச் சுவாமியிடம் கேட்டுவிட்டு வந்தார். ஒன்றும் பேசாமல் பேனையை எடுத்து, நான் எழுதியதில் கலங்கியிருந்த ஒரு எழுத்தைத் திருத்தி எழுதினார். ஞானஸ்நானப் பெயருக்கான நிரலில் ஒரு சின்னக் கோடு போட்டார்.

நவம்பர் 2ஆம் திகதி காலைப் பூசையில் சுவாமி பெயர்களை வாசித்தார். மாமியின் பெயர் இரண்டு அந்தோனிகளுக்கும் ஒரு மரியாளுக்கும் நடுவில் வந்தது. பக்கத்தில் இருந்த அம்மா என் கையைப் பிடித்தார். பூசை முடிந்து சேமக்காலைக்குப் போனபோது, தம்பியின் கல்லறையில் ஏற்கனவே ஒரு திரி எரிந்துகொண்டிருந்தது. மாமியின் மகள் எங்களுக்கு முன்பே வந்துவிட்டுப் போயிருந்தாள்.